நின்றே இருந்த மெம்பர்

"வீம்பு பிடிச்ச மனுசர்னே எழுதிருங்கண்ணே. ஊருக்கே தெரிஞ்சதுதானே!" என்றார் வாசகசாலைச் செயலாளர் தண்டாயுதபாணி.

அழகுசுந்தரம் பேனாவைக் கீழே வைத்தார்.

போன வருஷம், 1934-ல், தாலுகா போர்டுகளையே சர்க்கார் கலைத்துவிட்டது. அதோடு மருதங்கண்மாய்த் தொகுதியும் இல்லாமல் போயிற்று. அந்தத் தொகுதியின் சரித்திரத்தை வாசகசாலை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அவரை விட்டால் வேறு யார்? போர்டு தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை தலைமைக் குமாஸ்தா அவர்தான்.

தொகுதி கண்ட மெம்பர்கள் மூன்றே பேர். முதலில் முத்துக்கருப்பன் செட்டியார், கோட்டையூர் சாலைக்குக் கப்பி போட வைத்தவர். அடுத்தது பீர் முகம்மது ராவுத்தர், தர்ம ஆஸ்பத்திரி கொண்டுவந்தவர். இரண்டு பேரைப் பற்றியும் மளமளவென்று எழுதியாயிற்று.

மூன்றாமவர் மாயக்கண்ணன் அம்பலத்திடம் வந்ததும்தான் பேனா ஓடவில்லை.

ஆறு வருஷம் மெம்பர். ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. ஒரு கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை!

மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தாலும் சுவரோரமாகக் கைகட்டி நிற்பார். எடுத்த எடுப்பில் ஒரே ஒரு பேச்சு: "பிரசிடெண்ட் அவர்களே, ஒரு நாற்காலி குறையுது."

"உங்களுக்குப் பின்னாலதான் கிடக்கே, அம்பலம்! அது பத்தலையாக்கும்?" என்பார் பிரசிடெண்ட்.

எல்லோரும் சிரிப்பார்கள். அழகுசுந்தரமும் சிரித்துக்கொண்டே மினிட் புத்தகத்தில் எழுதுவார்: 'நாற்காலி பற்றிய பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது.'

பிரசிடெண்டுக்குச் சமமாக மெத்தை வைத்த நாற்காலி கேட்கிறார் என்று ஊரில் பேச்சு. 'நின்ன மெம்பர்' என்று பட்டப்பேர் வேறு. போன தை மாசம் அவர் காலமானபோதுகூட அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு.

"செத்துப்போன மனுசர், தம்பி. இனி வந்து பதில் சொல்ல மாட்டார். கூட இருந்தவுக யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுறேன்" என்றார் அழகுசுந்தரம்.

போர்டின் மற்ற மெம்பர்களில் பாதிப் பேர் பர்மாவில் இருந்தார்கள். மீதிப் பேர் சொன்னதையே சொன்னார்கள். கடைசியில் மிஞ்சியது இருளாண்டி ஒருவன்தான். மறுநாள் காலை கண்மாய்க் கரையில் மடை வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா இருளாண்டி, நம்ம அம்பலம் ஏன் அப்பிடி வீம்பா நின்னாரு? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

மண்வெட்டி நின்றது. "வீம்பா? அப்பிடியா சொல்றாக?"

"ஊரே சொல்லுது."

இருளாண்டி மண்வெட்டியைக் கரையில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"குமாஸ்தா ஐயா, நம்ம போர்டுல மெம்பர் எத்தனை பேரு?"

"பன்னெண்டு." பட்டென்று வந்தது பதில்.

"நாக்காலி எத்தனை போடுவீக?"

"பன்..."

அழகுசுந்தரம் மனசுக்குள் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தார்.

பதினொன்று.

ஆதிதிராவிடர் சார்பில் சர்க்கார் நியமித்த மெம்பர் இருளாண்டி. கூட்டம் நடக்கும்போது வெளியே வராந்தாவில், ஜன்னலோரம் நிற்பான். கையெழுத்துப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்வது வேறு யாருமில்லை, அழகுசுந்தரமேதான்.

"மொதக் கூட்டத்துலயே அம்பலம் பாத்துட்டாக. 'உனக்கு நாக்காலி போடுற வரைக்கும் நானும் உக்கார மாட்டேன்'னுட்டாக. நான்தான் எம்பேரைச் சொல்லிப்புடாதீகன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன்."

"ஏன்?"

"எங்க குடியிருப்பு பூராவும் பிரசிடெண்டு ஐயா நெலத்துல. எனக்கு நாக்காலின்னு பேச்சு கெளம்புனா அறுவது வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாக. அதான், பேரைச் சொல்லாமயே கேட்டாக. ஆறு வருசம்! உள்ள நீங்கள்லாம் சிரிக்கிறது எனக்குச் சன்னல் வழியாக் கேக்கும்."

அழகுசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடேசி வருசம் முழங்கால் வீங்கிப்போயி, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாக. 'போதும், உக்காருங்கய்யா'ன்னு கெஞ்சுனேன். 'நீ மொதல்ல உக்காரு'ன்னாக."

இருளாண்டி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இதை எழுதணும்..." என்றார் அழகுசுந்தரம்.

"வேணாங்கய்யா! பிரசிடெண்டு ஐயா இருக்காக. எங்க வீடும் அங்கிட்டேதான் இருக்கு."

அழகுசுந்தரம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். உண்மையை எழுதினால் அறுபது வீடு போகும். எழுதாவிட்டால் அம்பலத்தின் பேர் என்றைக்கும் வீம்பு பிடித்தவர்தான். சாயங்காலம் நெருங்கும்போதுதான், அம்பலத்தைப் போலவே இருளாண்டி பேரைச் சொல்லாமல் எழுத ஒரு வழி தெரிந்தது.

தாளை வாங்கிப் படித்த தண்டாயுதபாணி பதறிப்போனார். "என்னண்ணே இது? இருபது வருசம் அப்பழுக்கில்லாம வேலை பாத்தீக. உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிறீகளே!"

"ஒரு எழுத்தும் மாத்தாம அச்சுக்குக் குடுங்க, தம்பி."

கடைசி வரிகள் இப்படி இருந்தன:

'மாயக்கண்ணன் அம்பலம் வீம்புக்காக நிற்கவில்லை. பன்னிரண்டு பேருக்குப் பதினோரு நாற்காலி போட்டுவிட்டு, ஆறு வருஷம் அதை எண்ணிப் பார்க்காதிருந்தவன் தலைமைக் குமாஸ்தா அழகுசுந்தரம்.'