ஆசியா வீட்டுப் பிரியாணி

"நாப்பது வீட்டு நோட்டுல ஒன் நோட்டு மட்டுந்தான் ஒத்துப்போகலையாம். காலேஜ்ல இருந்து வாராவ. மானம் போச்சு!" மனைவி தங்கத்தாயிடம் கத்தினான் குற்றாலீஸ்வரன்.

நம் சாப்பாடு சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்கிறது என்ற ஆய்வுக்காக, குத்துக்கல்வலசையில் வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுத்த நோட்டு அது.

பேராசிரியை நிர்மலாதேவி வந்தார். "பெருநாளன்னைக்குக் கறி சைபர்னு போட்டிருக்கீங்க. பிரியாணி சாப்பிடலையா?"

"சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு ஆசியாக்கா அண்டாவுல வெந்து எங்களுக்கும் வந்தது. அண்டா முழுசும் அக்கா நோட்டுல இருக்கும்லா? நானும் எழுதினா ரெண்டு கணக்காயிராதா?" என்றாள் தங்கத்தாய்.

"அதை வாங்கிச் சாப்பிட்ட மத்த வீட்டுக்காரங்க எல்லாம் எழுதிட்டாங்க. நாங்களும் ஒரே அண்டாவைப் பதினெட்டு தடவை எண்ணிட்டோம். தப்பு எங்களோடது, உங்க நோட்டாலதான் தெரிஞ்சுது. ஆய்வுக் கட்டுரையில உங்க பேரும் வருது. இனிஷியல் சொல்லுங்க."

குற்றாலீஸ்வரன் முந்திக்கொண்டான்.

"'கு'ன்னு போடுங்க மேடம். அந்தக் 'கு' நான்தான்!"