பல்லைக் கொடுத்து வாங்கிய பால்

"வண்டிய எடுக்கறதா இருந்தா என் மேல ஏத்திக்கினு போங்க."

ஜீப்பின் முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார் முனிகிருஷ்ணன். பின்னால் காலனியே திரண்டு நின்றது. சத்தியவேட்டில் அச்சடித்த நோட்டீஸ் ஆளுக்கொன்று கையில். 'குழந்தைகளின் பாலைப் பறிக்காதே.' வாசகம் அவருடையதுதான். நோட்டீஸ் எழுதுவதில் அவரை மிஞ்ச அந்த மண்டலத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

ஜீப்பிலிருந்து நீரஜா இறங்கி வந்தார். திருப்பதியில் பல்கலைக்கழக விஞ்ஞானி. மாடுகளைப் பரிசோதிக்க என்று வந்தவர், போன மாதம் அங்கன்வாடிக் குழந்தைகளையும் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். முனிகிருஷ்ணனின் பேத்தி பிரியங்காவைப் பார்த்து, நாலு வயசுக்கு இந்த வளர்த்தி போதாது என்றார். அன்றைக்கே இவருக்கு ரத்தம் கொதித்தது. பிடி மண்ணில்லாமல் கூலிக்குப் போன காலத்தில் எங்கள் பிள்ளைகளை எவன் வந்து அளந்தான்?

இப்போது அந்தம்மா அங்கன்வாடிப் பாலையே நிறுத்தச் சொல்கிறார்.

அது சும்மா வந்த பால் இல்லை. ஊர்ப் பால் சங்கம் தினமும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர் கொடுக்க வேண்டும் என்று சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் முனிகிருஷ்ணன் பட்டினி கிடந்து, லத்தி அடியில் முன்பல்லைக் கொடுத்து வாங்கிய பால்.

நீரஜா பொறுமையாக மறுபடியும் சொன்னார். மழையில் நனைந்த வேர்க்கடலையில் பூசணம் பிடித்திருக்கிறது. ஊர்த் தலைவர், சர்பஞ்ச் பிரபாகரின் எண்ணெய் மில்லில் அதைத்தான் ஆட்டுகிறார்கள். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் மாடுகளின் பாலில் விஷம் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. பெரியவர்களைவிட வளரும் குழந்தைகளுக்குத்தான் கெடுதல்.

"புண்ணாக்கை மாத்துற வரைக்கும்தான் சார். அதுவரைக்கும் குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம்."

"பெருமாளுக்குக் குடம் குடமா பால் ஊத்துற வீட்டுப் பொண்ணு நீ. அங்க போய் விஷம் தேடினியா? எங்க புள்ளைங்க டம்ளர்லதான் தேடுவியா?"

கூட்டம் சிரித்தது. நீரஜா சிரிக்கவில்லை.

"பெருமாள் வளர வேண்டியதில்லை சார். குழந்தைகள் வளரணும்."

பதில் வராதபோது கோஷம் வரும். முனிகிருஷ்ணன் எழுந்து முஷ்டியை உயர்த்தினார். கூட்டம் ஜீப்பை மொய்த்தது. பரிசோதனைக்காக எடுத்து வைத்திருந்த பால் குப்பிகளை அவரே தன் கையால் திறந்து ரோட்டில் கொட்டினார்.

டிரைவர் பயந்துபோய் வண்டியைக் கிளப்பினான். ஏறுவதற்கு முன் நீரஜா அவர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பேத்திக்காவது குடுக்காதீங்க சார்."

அவருக்கு அப்போது வந்த கோபம் சொல்லி மாளாது.

"என் பேத்திக்கு ஒரு நியாயம், ஊர்ப் புள்ளைங்களுக்கு ஒரு நியாயமா? எல்லாப் புள்ளையும் குடிக்கறதத்தான் அவளும் குடிப்பா. போம்மா."

ஜீப் திருப்பதி ரோட்டில் மறைந்தது. சர்பஞ்ச் வந்து அவர் தோளில் கை போட்டார். காலையில் வீடு தேடி வந்து, நீ வாங்கிக் கொடுத்த பாலுக்கு ஆபத்து, இனி உன் பாடு என்று சொல்லிவிட்டுப் போனவரும் இவர்தான். நோட்டீஸ் செலவும் இவருடையதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போ என்றார்.

போகிற வழியில் அங்கன்வாடி. குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரியங்கா மேலுதட்டில் வெள்ளை மீசையோடு தாத்தாவுக்குக் கையாட்டினாள். இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆட்டினார்.

இத்தனை வருஷப் போராட்டத்தில் சர்பஞ்ச் வீட்டு வாசல் வரைதான் அவருக்கு வழி. இன்று கூடத்தில் நாற்காலி போட்டார்கள். மின்விசிறியைச் சுழலவிட்டார்கள். சர்பஞ்ச் மில்லில் இருந்து வந்த போனைப் பேசிக்கொண்டே வெளியே போக, அவர் மனைவி வெங்கடலட்சுமி காபி கொண்டுவந்தாள். அண்ணா என்று கூப்பிட்டாள். அதுவும் இன்றைக்குத்தான்.

முனிகிருஷ்ணன் ஒரு வாய் உறிஞ்சினார்.

"கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. பாக்கெட் பாலு."

"பாக்கெட் பாலா? கொட்டாய் நெறைய மாடு கட்டிக்கினு இருக்கீங்களேம்மா?"

"கட்டிக்கினுதான் இருக்கோம். அந்த மேடம் போன மாசமே வந்து விஷயத்த சொல்லிட்டாங்களே. அன்னிலேர்ந்து எங்க பேரனுக்கு நம்ம மாட்டுப் பாலு ஒரு சொட்டு குடுக்கறதில்ல."

முனிகிருஷ்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்தப் பாலு?"

"வீணாக்குவோமாணா? மொத்தமும் அங்கன்வாடிக்குத்தான் அனுப்பறோம். நீங்க பல்லக் குடுத்து வாங்கின திட்டமாச்சே."