மூக்கு தூக்கிய சீட்டு

சைக்கிள் கடை மூலையில் கழற்றிப் போடப்பட்ட பழைய சீட்டுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பத்து நிமிஷம் ஓட்டினா உட்கார்ற இடம் மரத்துப்போகுதாம்! சைக்கிள்காரர் என்னைக் கல்லுன்னு திட்டுறார். உட்கார்ற இடத்துல அழுத்துற மாதிரி என் முன்பக்க மூக்கை வானம் பார்க்க நிமிர்த்தி வெச்சது யாரு, நானா?"

"அதை இறக்கிச் சமமாக்க எனக்கு அரை நிமிஷம் போதும். யாரு கேட்டா?" என்றது ஸ்பேனர்.

புது சீட்டு சிரித்தது. "நான் பஞ்சு மெத்தை. என்னை யாரும் குறை சொல்ல முடியாது."

சைக்கிள்காரர் சபேசன் கடைக்காரரிடம் சொன்னார்: "பழசு எப்படி இருந்துச்சோ, இம்மி பிசகாம அப்படியே மாட்டுங்க."

ஸ்பேனர் இறுக்கியது. புது சீட்டின் மூக்கும் வானத்தைப் பார்த்தது.

"போ, போ!" என்று கத்தியது பழைய சீட்டு. "உனக்கும் இங்கேயே இடம் போட்டு வைக்கிறேன்!"