நேர்மை வகுப்பில் தூக்கிய கை

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் நேர்மை வகுப்பு நடக்கும். பக்கத்து நாற்காலியில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முன்பு, உற்பத்தி போதவில்லை என்று பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர். அதில் மச்சானின் வலது கை முழங்கையோடு போனது. அவருடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்து, அவரை வாசல் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். அதே மேனேஜர்தான் இன்று மேடையில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க தப்பு நடந்து பார்த்தவங்க பயப்படாம கை தூக்குங்க," என்றாள் வகுப்பெடுக்க வந்த பெண்.

யாரும் தூக்கவில்லை. வேலை போனால் இவளா சோறு போடுவாள்?

அப்போது, மடித்து ஊக்கு குத்தியிருந்த மச்சானின் வலது சட்டைக்கை அவிழ்ந்து, நேராக மேலே எழுந்து நின்றது. அவர் இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார். இறங்கவில்லை.

"அக்காவ நெனச்சுப் பாருங்க மச்சான், இறக்குங்க," என்று நானும் பிடித்தேன். துணிக்குள் மணிக்கட்டு இருந்தது. சூடாக இருந்தது.

மேனேஜர் மைக்கை வாங்கினார். "யோவ், கையக் கீழ போடு."

மச்சான் இழுப்பதை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"எந்தக் கைய சார்?"