வயர் தாங்காது

சாய்ந்தமருதில் ஜௌபர் கட்டிய பேக்கரிக்கு வயரிங் செய்தவர் மசூர். திறப்பதற்கு முதல்நாள் பரிசோதிக்க வந்த இன்ஜினியர் ஸுஹைறா, ரொட்டி சுடும் மின்போரணையை இயக்கிவிட்டு மீற்றரைப் பார்த்தாள்.

“230 வோல்ட், 20 அம்பியர். பெருக்கினா 4600 வொட். வகுத்தா தடை பதினொன்றரை ஓம். போரணையில பிழையில்ல. வயர்தான் மெல்லிசு, சூடேறி எரிஞ்சிரும். மாத்தாம கையெழுத்து வைக்க மாட்டன்.”

“நாளைக்குத் திறப்பு விழா, தங்கச்சி!” என்று கெஞ்சினார் ஜௌபர்.

“ஓம், இண்டைக்கே மாத்திர்றன்” என்று சிரித்தபடி தலையாட்டினார் மசூர்.

அவள் போனதும் ஜௌபர் சீறினார். “முப்பது வருஷமா வயரிங் செய்றீங்க. ஒரு சின்னப்புள்ள பிழை சொல்லிட்டுப் போகுது, நீங்க சிரிக்கிறீங்களே மசூர் காக்கா?”

மசூர் வயரைக் கழற்றத் தொடங்கினார்.

“நான் கைப்பழக்கத்துல செய்றவன். கணக்குப் பாத்துச் செய்யோணும் எண்டுதான் என்ட மகள இன்ஜினியருக்குப் படிப்பிச்சன்.”