மலைக்குக் கொண்டுபோக வேண்டியவை

“பாத்திரமெல்லாம் எங்க வூட்டுதே எடுத்தாந்துடறேங்கண்ணா” என்றாள் ஜைத்தூன் பீ. “கோழியும் உசுரோடவே கூடையில கொண்டுபோயிடலாம். அங்க போயி இவரே அறுத்துக்குவாரு.”

பட்டியல் எழுதிக்கொண்டிருந்த சவுரியப்பனின் பென்சில் நின்றது.

மே மாத லீவில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏற்காடு போவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தருமபுரியில் பஸ் ஏறி, சேலத்தில் மாறி, பொழுது சாய்வதற்குள் மலைக்குப் போய்விட வேண்டும். இரண்டு ராத்திரி தங்கல். ஓட்டல் கறி யார் கையால் அறுத்ததோ என்ற கவலையே வேண்டாம், சமையல்கட்டோடு ஒரு வீடாகப் பிடித்துவிடலாம் என்று முதலில் சொன்னதே சவுரியப்பன்தான்.

அவர் ஓவிய ஆசிரியர். ஜைத்தூனின் புருஷன் தஸ்தகீர் அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஏழு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள்.

தஸ்தகீருக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்டாட்டியை முறைத்தான்.

“அண்ணன் வூட்டுப் பாத்திரத்துக்கு என்னாடி வந்துச்சு? கிறிஸ்துமசுக்கு இங்கதான சாப்புட்டோம்? என் கூடப்பொறந்தவன் வூட்டுலகூட எங்க அறுத்ததுன்னு கேட்டுட்டுதான் கறியில கை வெப்பேன். இங்க கேக்கவே மாட்டேன்.”

சவுரியப்பனுக்குக் காது மடல் சுட்டது.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும், இரண்டு சேவலை சைக்கிளில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு பாய் கடைக்குத்தான் போனார். கடை சாத்தியிருந்தது. பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி. போயிருந்தால் யாராவது ஒருவர் பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்திருப்பார்.

போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பி, பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் வைத்துத் தன் கையாலேயே இரண்டையும் அறுத்துப் போட்டார். ஐந்து நிமிஷ வேலை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தஸ்தகீர் பாட்டுக்கு இலையில் உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. இவராகத்தான் குழம்புக் கரண்டியோடு போய், “பாய் கடையில அறுத்ததுதான் தஸ்தகீரு, தைரியமா சாப்புடு” என்றார்.

மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நல்லி எலும்பை உறிஞ்சிவிட்டுச் சிரித்தான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தஸ்தகீர் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பும்போதெல்லாம் சவுரியப்பன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லியாயிற்று. அவர் தலையில் கை வைத்து மன்னித்தார். ஆனால் சாப்பிட்டவர் அவர் இல்லையே.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மலைக்குப் போய் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் இந்த முகத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அடிக்கட்டும், திட்டட்டும், எழுந்து போகட்டும்.

பென்சிலைக் கீழே வைத்தார்.

“தஸ்தகீரு… அந்தக் கிறிஸ்துமசு அன்னிக்கி…”

“ஏங்க” என்று ஜைத்தூன் குறுக்கே புகுந்தாள். “புள்ளைங்க ரோட்டுப் பக்கம் ஓடுறாப்புல இருக்குது. செத்த பாத்துட்டு வாங்க.”

தஸ்தகீர் எழுந்து வெளியே போனான்.

அவன் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை அவள் பேசவில்லை. பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்குத் தெரியுங்கண்ணா. உங்க பாப்பாதான், ‘எங்கப்பாவே ரெண்டு சேவலயும் அறுத்தாரு’ன்னு அன்னிக்கே பெருமையா சொல்லுச்சு. நானும் புள்ளைங்களும் ரசத்த ஊத்தி சாப்புட்டு எந்திரிச்சிட்டோம். ஆனா அதுக்குள்ள இவரு சாப்புட்டு முடிச்சிட்டாரு.”

சவுரியப்பன் வாசல் பக்கம் பார்த்தார்.

“சொல்லிடாதீங்கண்ணா. சொன்னா உங்களுக்கு பாரம் எறங்கிடும். அவருக்கு ஏறிடும். தொழுவறப்பெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பாரு.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தஸ்தகீர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். பிள்ளைகள் வேலிக்குள்ளேதான் விளையாடுகிறார்களாம். பழைய இடத்தில் உட்கார்ந்து, “என்னாண்ணா, கிறிஸ்துமசுன்னு என்னமோ சொல்ல வந்தீங்க?” என்றான்.

ஜைத்தூன் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒண்ணுமில்லப்பா” என்றார் சவுரியப்பன். பென்சிலை எடுத்து, ‘பாத்திரம், கோழி – ஜைத்தூன்’ என்று எழுதினார். ஏதாவது பேச வேண்டுமே என்று, “ஞாயித்துக்கெழம பூசதான் யோசனையா இருக்குது. பரவாயில்ல, ஒரு வாரம் வுட்டா என்னா” என்றார்.

“அதெப்படி வுடறது?” என்று தஸ்தகீர் நிமிர்ந்து உட்கார்ந்தான். “போன சனிக்கெழம நான் மட்டும் மலைக்குப் போயி வூடு பாத்துட்டு வந்துட்டேன். ஏரிக்கிட்ட நல்ல வூடு ஒண்ணு கெடச்சுது, வேணாம்னுட்டேன். உங்க கோயிலுக்குப் பின்னாலயே ஒண்ணு பேசியிருக்கறேன். சாமியாரையே பாத்துக் கேட்டுட்டேங்கண்ணா, காலையில ஏழு மணிக்குத் தமிழ்ப் பூசையாம்.”

சவுரியப்பன் தாளின் மேலேயே குனிந்துகொண்டார்.

“எத்தன மணின்னு சொன்ன?” என்று கேட்டார்.