பரிதா சிஸ்டர் நடந்து காட்டுகிறார்

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் மாடி. பயிற்சி அறையின் மேஜைமேல் குப்புறக் கிடக்கும் ரப்பர் பொம்மையின் புட்டத்தில் பரிதா சிஸ்டர் நீல மார்க்கரால் ஒரு கூட்டல் குறி போடுகிறார். "மேல்பக்கம், வெளி மூலை. இங்க மட்டுந்தான் ஊசி இறங்கணும்." சிரிஞ்சும் கையுமாக நிற்கும் மாணவி சத்யபிரியா, "கொஞ்சம் கீழ போயிட்டா இன்னா ஆவும் சிஸ்டர்?" என்கிறாள். "நரம்புல பட்டா பாதம் தொங்கிடும்." மாணவிகள் யாருக்கும் புரியவில்லை. சிஸ்டர் மார்க்கரை வைத்துவிட்டு நடந்து காட்டுகிறார். வலது முழங்கால் தேவைக்கு மேல் உயர்கிறது, பாதம் ஈரத்துணிபோலத் தொங்குகிறது, செருப்பு தரையில் பட்டென்று அறைகிறது. இன்னொரு எட்டு, இன்னொரு அறை. ஜன்னல் வெயிலில் நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "அப்படியே நடக்கிறீங்களே சிஸ்டர்! யாரைப் பாத்துக் கத்துக்கினீங்க?" சுவர்வரை போன சிஸ்டர் திரும்பவில்லை. "பெரும்பாக்கத்துலேர்ந்து வந்த பொண்ணு. அஞ்சு வயசு. அவசரத்துல நான்தான் ஊசி போட்டேன்." சிரிப்பு அடங்குகிறது. சத்யபிரியாவின் ஊசிமுனையில் ஒரு சொட்டு நீர் திரண்டு, விழாமல் நிற்கிறது. "நரம்புல பட்டது அன்னைக்கு யாருக்கும் தெரியல" என்கிறார் சிஸ்டர், சுவரைப் பார்த்தபடியே. "அழுத புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, அவங்கம்மா எனக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க."